60 பொட்டலம், 11 பேர்

அன்றைக்கு நாசி லெமாக் 60 பொட்டலம் சொல்லியிருந்தேன். வந்தவர்கள் 11 பேர். அதில் இரண்டு பேர் பேச்சாளரோடு அதே காரில் வந்தவர்கள். இன்னொருவர் எதிர் அறையில் நடந்த இன்சூரன்ஸ் கூட்டத்துக்கு வந்து கதவு மாறி நுழைந்தவர். சம்பால் வாசனை பிடித்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பொறியியல் சங்கக் கிளையின் பேச்சுக் கூட்டம் அது. இடம், பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் எட்டாவது மாடி. நேரம், வேலை நாள் சாயங்காலம் ஆறரை மணி. தலைப்பு, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை வைத்து உள்ளே இருக்கும் கோளாறைக் கண்டுபிடிப்பது. பேச வந்தவர் பி.எச்.டி. வாங்கியவர், நல்ல மனுஷர், காலி நாற்காலிகளைப் பார்த்து முகம் சுளிக்காமல் ஒரு மணி நேரம் பேசினார். நன்றியுரையை நான்தான் சொன்னேன். "திரளாக வந்திருந்து" என்று எழுதி வைத்திருந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

மிச்சம் 49 பொட்டலம். மைவி காரின் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு சாலாக் செலாத்தான் திரும்பினேன். எங்கள் அடுக்குமாடி ஜாகாவுக்கு இரண்டு. பிறகு யோசித்து, பக்கத்துக் கோயிலின் பின்கொட்டகைக்கு வண்டியைத் திருப்பினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே பையன்கள் உறுமி அடித்துப் பழகுவார்கள்.

"என்னண்ணே, கல்யாண ஆர்டர் கேன்சலா?" என்றான் ஒருவன்.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய், வாயு, டிரான்ஸ்ஃபார்மர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு தம்பி கையை நிறுத்தினான். "அதுதாண்ணே என் வேலையே. நான்தான் ஆயில் எடுக்கிறேன். சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

கிள்ளான் பக்கம் ஒரு பராமரிப்புக் குத்தகைக் கம்பெனியில் டெக்னீஷியன். சாம்பிள் எடுக்கிற விதத்தை அவன் சொல்லக் கேட்டேன். வால்வைத் திறந்ததும் முதலில் வருகிற எண்ணெயைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, வாளியில் விட்டுவிட வேண்டும். குழாயில் தேங்கிக் கிடந்த அழுக்கு போன பிறகு கண்ணாடி சிரிஞ்சில் மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு குமிழி இருக்கக்கூடாது. இருந்தால் எண்ணெயில் கரைந்த வாயு அதற்குள் போய்விடும், லேப் சொல்லும் கணக்கு பொய்யாகும். வெயில் படாமல் மூடி எடுத்துப்போக வேண்டும். எட்டாவது மாடியில் ஒரு மணி நேரம் வரைபடம் பார்த்தோமே, அந்தக் கோடெல்லாம் சரியாக வர இவன் விரல்தான் காரணம். இவனுக்கு அழைப்பு போகவில்லை. போகாததற்குப் பொறுப்பு என்னுடையது. அழைப்பு அனுப்புகிற வேலை அந்த வருஷம் என் கையில்தான் இருந்தது.

லண்டனில் தலைமையகம் வைத்திருக்கும் பொறியியல் சங்கங்கள் சிலவற்றுக்கு இங்கே கிளைகள் உண்டு. மின், மின்னணுத் துறைக்கு ஐஇடி, இயந்திரத் துறைக்கு ஐமெக்இ. அமெரிக்காவின் ஐஇஇஇக்கும் மலேசியப் பிரிவு இருக்கிறது. நம் சொந்தச் சங்கமான மலேசியப் பொறியாளர் கழகம் 1959இல் தொடங்கியது. நான் இருப்பது இதில் எதில் என்று சொல்லப் போவதில்லை. செயலாளர் வாட்ஸ்அப்பில் சண்டைக்கு வருவார். எங்கள் கிளையில் சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. தலைவர் தொடங்கி நாற்காலி போடுகிறவர் வரை எல்லாரும் வேலை முடிந்து வந்து செய்கிறவர்கள். பெரும்பாலும் நாற்காலி போடுகிறவரும் தலைவரும் ஒரே ஆள்தான்.

இந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் குழுவில் ஒரு பெண் பொறியாளர் இருக்கிறார். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்து அழைப்பிதழ் வரைவார், பெயர்ப் பட்டியல் சரிபார்ப்பார், செலவுக் கணக்கை லண்டன் கேட்கிற வடிவத்தில் ஏற்றுவார். சமூகத்தொண்டு என்று பேப்பரில் படம் வருகிற ஆட்கள் பல பேரை எனக்குத் தெரியும். இந்தத் தங்கச்சியின் படம் எங்கும் வந்ததில்லை. கூட்டப் படம் எடுக்கிற நேரத்தில் அவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார்.

என் வருத்தம் வேறு. இத்தனை உழைப்பும் எட்டாவது மாடிக்கே போய்ச் சேர்கிறது. ஏற்கெனவே பட்டமும் பதவியும் உள்ளவர் தன் சிபிடி (தொடர் தொழில் மேம்பாட்டு) மணிக்கணக்கை நிரப்ப வந்து, கையெழுத்துப் போட்டு, பேச்சு முடிவதற்குள் போன் பேச வெளியே போகிறார். அந்த மணி யாருக்குத் தேவையோ அவர்கள் ஷிப்டில் இருக்கிறார்கள். காலை ஏழு முதல் சாயங்காலம் ஏழு. ஆறரை மணிக் கூட்டத்துக்கு பெடரல் ஹைவே நெரிசலில் கிள்ளானிலிருந்து எந்த டெக்னீஷியன் வருவான்?

இந்தச் சங்கங்கள் தொடங்கிய கதையைப் படித்தால் சிரிப்பாக இருக்கிறது. சிவில் பொறியாளர்களின் சங்கம் 1818 ஜனவரியில் லண்டன் ஃப்ளீட் தெருவில் ஒரு காப்பிக்கடையில் சில இளைஞர்கள் கூடி ஆரம்பித்தது. பெரியவர்கள் யாரும் கற்றுத்தருவதில்லை, நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம் என்பதுதான் எண்ணம். கூட்டியவர்களில் முக்கியமானவர் ஹென்றி ராபின்சன் பாமர். அப்போது இருபதுகளில் இருந்த ஆள். மூன்று வருஷம் கழித்து, 1821இல், ஒற்றைத் தண்டவாளத்தை உயரத்தில் தூக்கிக் கட்டி ஓட்டும் ரயிலுக்குக் காப்புரிமை வாங்கினார். இழுக்கக் குதிரை. 2003இலிருந்து பிரிக்பீல்ட்ஸில் நம் தலைக்கு மேல் போய் வருகிற மோனோரயிலுக்கு அவரைப் பாட்டன் என்று சொன்னால் தப்பில்லை. குதிரை மட்டும் இல்லை.

அந்தச் சங்கம் 1820இல் தலைவராக அழைத்தது தாமஸ் டெல்ஃபோர்டை. ஆட்டிடையர் மகன், கல்தச்சனிடம் தொழில் பழகியவர். இயந்திரப் பொறியாளர் சங்கம் 1847இல் பர்மிங்காமில் தொடங்கியபோது முதல் தலைவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். நிலக்கரிச் சுரங்கத்து எஞ்சின் ஆள். பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது, பிறகு ராத்திரிப் பள்ளியில் கற்றுக்கொண்டார். இந்த இரண்டு பேரும் இன்றைக்கு எங்கள் எட்டாவது மாடிக்கு வந்திருந்தால், பதிவு மேசையில் "டிகிரி எந்த யுனிவர்சிட்டி?" என்று நானே கேட்டிருப்பேன்.

மின்துறைக் கதையில் இன்னொரு விஷயம் உண்டு. 1871இல் தந்திப் பொறியாளர் சங்கமாகத் தொடங்கியது பிறகு மின்பொறியாளர் சங்கமாக மாறியது. நெடுங்காலம் அது மேல்தட்டுச் சங்கம் என்றே பெயர். 2006இல் அது தனியாக இருந்த இன்னொரு சங்கத்தோடு சேர்ந்துதான் இன்றைய ஐஇடி ஆனது. சேர்ந்த அந்த இன்னொரு சங்கம் யாருடையது? இன்கார்ப்பரேட்டட் எஞ்சினியர் என்கிற, டிகிரிக் கௌரவத்தைவிட வேலை அனுபவத்தை நம்பி வந்தவர்களுடையது. பிரிட்டிஷ் எஞ்சினியரிங் கவுன்சில் பட்டியலில் சார்ட்டர்ட் எஞ்சினியர் மட்டும் இல்லை. இன்கார்ப்பரேட்டட் எஞ்சினியர், எஞ்சினியரிங் டெக்னீஷியன் என்று கீழே படிகளும் இருக்கின்றன. ஏணி முழுசாகத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். நாம் அதை மாடியில் சாய்த்து வைத்துவிட்டு, கீழே நிற்கிறவனை ஏறவில்லை என்கிறோம்.

நம் நாட்டிலும் கதவு திறந்துதான் இருக்கிறது. 1967 சட்டத்தின் கீழ் 1972இல் அமைந்த பொறியாளர் வாரியம் "இர்." தருகிறது. 2015இல் வந்த சட்டத்தின் கீழ் தொழில்நுட்பர் வாரியம் "டிஎஸ்.", "டிசி." தருகிறது. நம் கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் "இர்." பார்க்காத வாரம் இல்லை, சந்தோஷம். "டிசி." போட்ட பத்திரிகை இதுவரை ஒன்றுகூட என் வீட்டுக்கு வரவில்லை.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பேரிங் சத்தத்தை வைத்தே வண்டி எத்தனை நாள் தாங்கும் என்பார். அலுவலக மாடிக்கு அவர் ஏறியது ஓய்வுபெறும் நாளில் கைக்கடிகாரம் வாங்கத்தான். நான் வயர்மேனாக ஆரம்பித்து, சார்ஜ்மேன் சோதனை எழுதி, ராத்திரி வகுப்பில் டிப்ளோமா முடித்து, நாற்பத்தாறாவது வயதில் இன்கார்ப்பரேட்டட் எஞ்சினியர் ஆனவன். ஒரு சீனப் பெரியவர் என் படிவத்தை மூன்று முறை திருத்திக் கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. தொண்டூழியம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய சிவப்புப் பேனாதான்.

அந்தப் பேனாவைத்தான் நானும் பிடித்தேன். ஆயில் எடுக்கிற தம்பியைச் சனிக்கிழமை நாலு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு காரணம் இருக்கிறது. கிள்ளான் கொமுட்டரும் சிரம்பான் கொமுட்டரும் சேருகிற இடம் கேஎல் சென்ட்ரல். அவன் கிள்ளானிலிருந்து ஒரே ரயில், எனக்கு சாலாக் செலாத்தானிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். பார்க்கிங் சண்டை இல்லை.

டெக்னீஷியன் பதிவுக்கு அவன் எழுதிக்கொண்டு வந்த இரண்டு பக்கத்தில் "நான்" என்ற சொல்லே கிடையாது. எல்லாம் "எங்கள் குழு". எங்கள் குழு சோதித்தது, எங்கள் குழு கண்டுபிடித்தது. ஒரு பத்தியில் நின்றேன். ஒரு தொழிற்சாலை டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயில் அசெட்டிலின் இருப்பதாக லேப் அறிக்கை வந்திருக்கிறது. அசெட்டிலின் என்றால் உள்ளே பொறி பறக்கிறது என்று பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்து, டிரான்ஸ்ஃபார்மரைத் திற என்று பேச்சு. ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டத்திலேயே வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர் தனி அறையில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு முறை மாறும்போதும் பொறி பறப்பது சகஜம், அசெட்டிலின் வருவதும் சகஜம். அந்த அறை எண்ணெய் பெரிய தொட்டிக்குள் கசிந்தால், நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் நோயாளி மாதிரி தெரியும். "எங்கள் குழு இதைச் சந்தேகித்துச் சீல் கசிவைக் கண்டுபிடித்தது" என்று எழுதியிருந்தான்.

"குழுவில யாருக்குப்பா சந்தேகம் வந்துச்சு?"

தே தாரேக்கைக் கலக்கினான். "எனக்குத்தாண்ணே. ரெண்டு பக்கத்து ஆயில் அளவையும் முந்தின மாசக் குறிப்போட ஒத்துப் பார்த்தேன். ஒண்ணு இறங்கியிருந்துச்சு."

"அப்ப ஏன் எழுதல?"

"பெருமை அடிச்சிக்கிற மாதிரி இருக்கும்ல."

இதுதான் நம் பிள்ளைகளின் நோய். வீட்டில் அடக்கமாயிரு என்று வளர்த்தோம், வேலையிடத்தில் வாயைத் திறக்காதே என்று பழக்கினோம். நேர்காணல் செய்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: நீ என்ன செய்தாய்? பிரிட்டிஷ் தகுதி விதியில் ஐந்து தலைப்பு உண்டு. தொழிலறிவு, அதை வேலையில் பயன்படுத்துவது, பொறுப்பெடுப்பது, பிறரோடு பேசிப் பழகுவது, தொழில் ஒழுக்கம். ஒவ்வொன்றுக்கும் தன் கையால் செய்ததைக் காட்ட வேண்டும். "எங்கள் குழு" என்று எழுதினால் குழுவுக்குத்தான் மார்க்கு, அதற்குச் சான்றிதழ் கிடையாது. 19 இடத்தில் சிவப்பால் சுழித்தேன்.

பொறுப்பெடுத்ததற்கு என்ன உதாரணம் என்றால் விழித்தான். "தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டீங்களே, ஜென்செட்டு யார் பார்த்தது?" என்றேன். அவன்தான். வாடகைக்கு எடுத்தது, எர்த் ராடு அடித்தது, ஜனங்கள் நடக்கிற பாதையில் கேபிளுக்கு மூடி போட்டது, மழை வந்தால் எந்த சர்க்கியூட்டை முதலில் நிறுத்துவது என்று அட்டையில் எழுதி மாட்டியது, அத்தனையும். பத்துமலை ரோட்டில் ராத்திரி முழுக்க ஆயிரக்கணக்கான ஜனம் ஈரக் காலோடு நடந்த இடம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தான். எழுத வைத்தேன்.

நம் ஆட்களுக்குத் தொண்டூழியம் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது இதிலேயே தெரியும். கோயில் திருவிழாவுக்கு லாரி, சமையல், வெளிச்சம், கூட்டம் எல்லாவற்றையும் மினிட்ஸ் புத்தகம் இல்லாமல் நடத்துகிறவர்கள் நாம். கோயில் நிர்வாகத்தில் ஒரு நாற்காலிக்கு நாலு பேர் சண்டை போடுகிறார்கள், சில இடத்தில் போலீஸ் வரைக்கும் போகிறது. எங்கள் சங்கக் கிளையில் வருஷா வருஷம் நாற்காலி காலி. "இர்." போட்ட தமிழர்களைத் தனித்தனியாகப் போனில் அழைத்தேன். "ரொம்ப நல்ல காரியம் அண்ணே, அடுத்த வருஷம் பார்ப்போம்." மூன்று வருஷமாக அடுத்த வருஷம்தான்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, குழுவின் அரை மனச் சம்மதத்தோடு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பார்த்தோம். சாப்பாடு இல்லை, தேநீர் மட்டும். பேசியது நம் ஆயில் தம்பி; அதற்குள் பதிவு கிடைத்திருந்தது. சிரிஞ்சையே கொண்டுவந்து, சமையல் எண்ணெயை வைத்துக் குமிழி இல்லாமல் இழுத்துக் காட்டினான். தமிழும் மலாயும் கலந்து பேசினான், அவன் வேலையிடத்தில் பேசுகிற மாதிரி. 34 பேர் வந்தார்கள். அதில் மலாய்க்காரப் பையன்கள் ஏழெட்டுப் பேர், ஒரு லிஃப்ட் கம்பெனி சீனர். மகனோடு வந்த ஓர் அம்மா கடைசியில் கை தூக்கி, வீட்டு மெயின் போர்டில் "டி" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கினால் பில் ஏறுமா என்று கேட்டார். டிரான்ஸ்ஃபார்மர் பேச்சு அங்கேயே நின்றுபோனது. கசிவு மின்சாரத்தை வெட்டுகிற கருவிக்கு அது சோதனைப் பொத்தான், அமுக்கியதும் விழ வேண்டும், விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள் என்று இருபது நிமிஷம் அதுவே ஓடியது. ராத்திரி வீட்டுக்குப் போய் எத்தனை பேர் அமுக்கினார்களோ, எங்கள் அடுக்குமாடியில் மட்டும் இரண்டு வீட்டில் டிவி அணைந்தது.

குழுவில் மறுப்பும் வந்தது. தரம் குறைந்துபோகும் என்றார் ஒருவர். தமிழில் நடத்தினால் இனச் சங்கம் ஆகிவிடும் என்றார் இன்னொருவர். இரண்டாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளமாட்டேன். நான் கேட்பது தமிழ்க் கூட்டம் அல்ல. பட்டறையில் எந்த மொழி ஓடுகிறதோ அந்த மொழி. கிள்ளான் துறைமுகப் பக்கம் மலாய், சில பட்டறையில் கன்டனீஸ். படிவம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதற்கு உட்கார்ந்து உதவவும் ஆள் வேண்டும். தரம் பற்றிய மறுப்புக்கு மட்டும் என்னிடம் பொறுமை இல்லை. எண்ணெயில் குமிழி விடாத விரலைவிடத் தரம் வேறு எங்கே இருக்கிறது?

சந்தாவும் ஒரு தடை. பவுண்டில் கட்ட வேண்டும். ஒரு பவுண்டுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் போகிறது. டெக்னீஷியன் சம்பளத்தில் அது தெரியும். அடுக்குமாடி வாசலில் நாற்காலி போட்டு அழைத்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவராமல் சிலர் வரமாட்டார்கள். அதற்குக் கிளையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இடத்தையும் நேரத்தையும் மாற்றுவது நம் கையில் இருக்கிறது, அதற்கு லண்டனிடம் கேட்க வேண்டியதில்லை.

அதனால் போன மாசக் கூட்டத்தில் தீர்மானம் ஒன்று வைத்தேன். வருஷத்தில் பாதிக் கூட்டம் சனிக்கிழமையில், கொமுட்டர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். அதோடு குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டு படிவம் திருத்திக் கொடுக்க வேண்டும். முதல் பகுதிக்குத் தலையாட்டினார்கள். இரண்டாம் பகுதிக்கு எல்லாரும் போனைப் பார்த்தார்கள். கூட்டக் குறிப்பு நேற்று வந்தது. என் தீர்மானத்துக்கு எதிரே நம் நாட்டு அலுவலகங்களுக்கு மிகவும் பிடித்த மூன்று எழுத்து: கே.ஐ.வி. "பிறகு பார்க்கலாம்" என்று அர்த்தம்.

அடுத்த கூட்டம் மூன்று மாசம் கழித்து. அதுவரை சனிக்கிழமை நாலு மணிக்கு அதே சாப்பாட்டுக் கடையில்தான் இருப்பேன், விசிறிக்குக் கீழே இரண்டாவது மேசை. ஆயில் தம்பியும் வருகிறான், கூட ஒரு லிஃப்ட் பையனைக் கூட்டிக்கொண்டு. பையன் எழுதிய முதல் வரியை போனில் அனுப்பியிருந்தான். "எங்கள் குழு" என்றுதான் தொடங்குகிறது.